பத்தில் மூன்று மெஷின் ஓடவில்லை. 58 பேர் என்ன செய்வது?

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஆறு தாள்களில் வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்கு 43 வயது. மாவட்டத் தலைநகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்தில் தையல் கடை வைத்திருந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, நான்கு ஆண்டுகளாக மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அங்கே பத்து மெஷின்கள் உண்டு; மூன்று, ஏழு மாதமாக ஓடவில்லை. ஓடுகிற ஏழிலும் காலை, பகல், மாலை என்று மூன்று ஷிப்ட். நோயாளிகள் 58 பேர். வாரம் மூன்று முறை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். பத்துப் பேருக்குத்தான் மூன்று கிடைக்கிறது, மற்றவர்களுக்கு இரண்டு. இவருடைய முறை திங்கள், வியாழன் மாலை. முடிந்து எழுந்திருக்க எட்டரை ஆகிவிடுகிறது. ஊருக்குக் கடைசி பஸ் எட்டு பத்துக்குப் போய்விடுகிறது. ஆட்டோவுக்கு 350 ரூபாய்.

“பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இரண்டு பேர் ஒரே மாதத்தில் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது” என்று எழுதுகிறார். முதலமைச்சர், பிரதமர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மூவருக்கும் மனு அனுப்பினார்; பதில் இல்லை. இப்போது 12 பேர் சேர்ந்து, டயாலிசிஸையும் மறுத்துவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர் ஒருவர் வார்டை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். மற்றவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். மூன்று முறை கிடைக்கிற பத்துப் பேரும் இவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா, அதற்குச் சங்கம் பதிய வேண்டுமா, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா, பழிவாங்கி டயாலிசிஸை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உண்ணாவிரதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். மற்றவர்கள் உண்ணாவிரதம் இருந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு பல நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். தாசில்தார் வந்து பேச, ஆட்சியர் அழைக்க, பழரசம் கொடுத்து முடித்துவைக்க அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை. ஒரு முறை டயாலிசிஸ் தவறினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரிகள் முதல் நாள் வருவதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-ஆம் பிரிவு, அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஓராண்டு வரை சிறை. சாகும்வரை டயாலிசிஸ் மறுப்பு என்று நோட்டீஸ் அடித்தால், மெஷின் பழுதைப் பற்றி வந்திருக்க வேண்டிய செய்தி உங்கள்மீது பதிந்த வழக்கைப் பற்றிய செய்தியாகிவிடும்.

உங்கள் கோபத்தை அணைக்க நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய மேஜை வேறு.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் கணக்கு

நீங்கள் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியதை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஏழு மெஷின், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள்: 126 முறை. 48 பேருக்கு இரண்டு, பத்துப் பேருக்கு மூன்று: அதுவும் 126. இப்போது பத்து மெஷினும் ஓடினால்? 180 முறை. 58 பேருக்கும் மூன்று முறை கொடுக்க வேண்டியது 174. ஆறு முறை மிச்சமே இருக்கிறது.

இந்த நான்கு வரிதான் உங்கள் மனு. வறுமை, மகனின் படிப்பு, இறந்துபோன இருவர் எல்லாம் உண்மை. படிக்கிறபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அலுவலகத்தில் அந்தப் பக்கங்களைப் படிப்பவர் “பாவம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துவிட முடியும். 180-க்கும் 126-க்கும் நடுவே காணாமல் போன 54 முறையை அப்படித் தாண்டிப் போவது கடினம். அதற்கு யாராவது எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே கணக்கு அந்தப் பத்துப் பேரையும் உங்களிடம் திரும்பக் கொண்டுவரும் என்று நினைக்கிறேன். அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். “எல்லோருக்கும் சமமாகக் கொடு” என்று நீங்கள் கேட்டால், ஏழு மெஷினை வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்யக்கூடிய மிக எளிய காரியம் அவர்களுடைய மூன்றாவது முறையைப் பிடுங்குவதுதான். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது ஒரு வார்டின் நடைமுறையாகிவிட்டால், பிள்ளைகள் ஒன்றையொன்று முறைக்கத்தான் செய்யும். அதனால் “சமமாகப் பகிர்ந்து கொடு” என்ற வரியே மனுவில் இருக்கக் கூடாது. “மூன்று மெஷினை ஓடவிடு, யாருக்கும் குறைக்காதே” என்று கேளுங்கள். இரண்டாவது பாதி மிக முக்கியம். அந்தத் தாளை முதலில் கொண்டுபோய் அந்தப் பத்துப் பேரில் மூத்தவரிடம் கொடுங்கள்.

ஒரு திருத்தம். 58 பேருக்கும் கட்டாயம் மூன்று முறை வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்களுக்கு இரண்டு போதும் என்று மருத்துவர் கருதலாம். எனவே ஒவ்வொருவரும் சிறுநீரக மருத்துவரிடம் தனக்கு வாரம் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். “வாரம் மூன்று” என்று மருத்துவர் எழுதிய தாளும், இரண்டு தேதிகள் மட்டும் பதிந்த டயாலிசிஸ் அட்டையும் அருகருகே இருந்தால், அதைவிட நல்ல சாட்சியை நான் நீதிமன்றத்தில் பார்த்ததில்லை. உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, ஷிப்ட், மெஷின் எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஏதாவது வெளியே வாங்கிவரச் சொன்னார்களா, எவ்வளவு. ஆறு கட்டம் போதும். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் ஃபிஸ்துலா கையை அசைக்காமல் படுத்திருக்கும்போது மறு கையால் எழுதிவிடலாம்; இல்லாவிட்டால் கூட வந்தவர் எழுதட்டும். எட்டு வாரம் எழுதினால் உங்கள் வார்டைப் பற்றி மருத்துவமனைக்கே தெரியாத விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

யாரிடம் கேட்பது

பிரதமருக்கும் தலைமை நீதிபதிக்கும் மனு அனுப்பியதில் தவறில்லை, பயனும் இல்லை. அந்த மனு பல மேஜைகள் இறங்கி, கடைசியில் நீங்கள் நேரில் போய்க் கொடுத்திருக்கக்கூடிய அலுவலகத்துக்கே வந்து சேரும்.

உங்களுடையது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை. அதற்கு மேலே இருப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர். அவருக்கு மேலே சென்னையில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம். மெஷின் என்றால் இன்னொரு வாசல் உண்டு: அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவிகளும் கொள்முதல் செய்வதற்காக 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பழுதான மெஷினைப் பற்றி மருத்துவமனை யாருக்கு, எந்தத் தேதியில் எழுதியது என்பதுதான் முடிச்சு. மருத்துவமனை எழுதவே இல்லையா, எழுதியும் பழுதுபார்க்க ஆள் வரவில்லையா, வந்து பார்த்து உதிரிபாகம் இல்லை என்று போய்விட்டார்களா? மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு ஆட்கள். இது தெரியாமல் டெக்னீஷியனிடம் சண்டை போடாதீர்கள். ஏழு மெஷினுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பையன் உங்கள் எதிரி இல்லை. உண்மையில் எந்த மெஷினில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகள் சிறியவையாக இருக்கட்டும்: டயாலிசிஸ் மெஷின்கள் எத்தனை, ஒவ்வொன்றும் நிறுவப்பட்ட தேதி, இன்றைய நிலை, பழுது குறித்து அனுப்பிய கடிதங்களின் நகல், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் மாதவாரியாகச் செய்த டயாலிசிஸ் எண்ணிக்கை, காப்பீட்டுத் திட்டத்திலிருந்து டயாலிசிஸுக்காக மருத்துவமனை பெற்ற தொகை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெறுகின்றன. நீங்கள் அங்கே தருமத்துக்குப் படுத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரில் ஒரு தொகை வரவு வைக்கப்படுகிறது.

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எண்ணிக்கை கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பினாலோ அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

காத்திருக்கும் காலத்துக்கும் வழி தேட வேண்டும். உங்கள் காப்பீட்டு அட்டை அரசு மருத்துவமனைக்கு மட்டுமானது அன்று. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். மெஷின் சரியாகும் வரை விடுபடும் மூன்றாவது முறையை அப்படி ஒரு மருத்துவமனையில் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பதை மனுவின் இரண்டாவது கோரிக்கையாக வையுங்கள். கட்டணமில்லாச் சிகிச்சை என்பதால் அங்கே கூடுதலாகப் பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். ரசீது தரமாட்டார்கள் என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். தொலைதூரத்திலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லோருக்கும் ஆகாது, சுத்தமான ஓர் அறை வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். ஆனால் இரண்டு பேர் மாறினாலும் வார்டில் நெரிசல் அந்த அளவுக்குக் குறையும்.

வழக்கு போடலாமா?

போடலாம். “ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பில் இல்லையே” என்று உங்கள் ஊர் வக்கீல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் இல்லை என்பது சரி. ஆனால் 21-ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைத் தருகிறது, அதற்குள் இது அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. தேவையான நேரத்தில் சிகிச்சை தராதது 21-ஆம் பிரிவை மீறுவது. பணமில்லை என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கின் பெயரைக் கவனியுங்கள்: ‘பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி’. விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்று தன் உறுப்பினருக்காகப் போய் நின்ற வழக்கு. 2014-ல் டில்லி உயர் நீதிமன்றம், காஷே என்ற அரிய நோய் கொண்ட, ரிக்ஷா இழுப்பவர் ஒருவரின் மகனுக்கு மருந்து கொடுக்கச் சொன்னபோதும் இதே வழியில்தான் போனது.

ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கட்சிக்காரரிடம் எளிதில் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது, “மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்” என்ற உத்தரவு. எந்தக் கோரிக்கையை? உரிய அதிகாரிக்கு நீங்கள் முன்பே கொடுத்து, ஒப்புகை வாங்கிய கோரிக்கையை. அது இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அது இருந்து, கூடவே தகவல் சட்டத்தில் வந்த பதிலும், எட்டு வார நோட்டும், கேஸ் ஷீட்டும் இருந்தால் வழக்கின் முகமே வேறு. அதுவரை வழக்கை உறையிலேயே வைத்திருங்கள். வக்கீல் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனவே மனுதாரராக நீங்களே இருப்பது நல்லது.

சங்கம் பதிய வேண்டுமா என்றால், மனு கொடுக்கவோ, தகவல் கேட்கவோ, நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் வழக்குப் போடவோ பதிவு தேவையே இல்லை. ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். ஆனால் பதிந்தால் ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வசூலிக்கும் நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். தலைவர் யார், செயலாளர் யார் என்பதில் தொடங்கிய பல சங்கங்கள் அந்த இடத்திலேயே முடிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

பழிவாங்குவார்களா?

டயாலிசிஸை அப்பட்டமாக நிறுத்த மாட்டார்கள். அப்படி நிறுத்தினால் அன்றைக்கே நீதிமன்றத்தில் நிற்கலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஷிப்டை மாற்றுவது, “உங்கள் மெஷின் இன்னும் கழுவி முடியவில்லை” என்று ஒரு மணி நேரம் உட்கார வைப்பது, முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது போன்றவை நடக்கலாம். இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன். ஒரு பெயர் மட்டும் மேலே இருக்கிற மனுவுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். கையெழுத்துகளை வட்டமாகப் போடுங்கள். யார் முதல் என்று தெரியாது. நோயாளிகளோடு வீட்டாரும் கையெழுத்திடட்டும். நேரில் கொடுத்தாலும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவின் முதல் பத்தியில் ஊழியர்களுக்கு ஒரு வரி நன்றி எழுதுங்கள், பொய்யாக அன்று. மூன்றாவது ஷிப்டு முடித்துவிட்டு அந்த நர்ஸும் எட்டு பத்து பஸ்ஸைத் தவறவிடுகிறவராக இருக்கலாம்.

அந்த வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் இன்றே சொல்லுங்கள். மூலையில் தனியாக வைத்திருக்கும் மெஷினும் அதில் படுத்திருப்பவரின் முகமும் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனி மெஷின் என்றால் என்ன தொற்று என்று ஊரே ஊகிக்கும். அது எச்.ஐ.வி.யாக இருந்தால் அந்த ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; ஹெபடைடிஸ் சி என்றாலும் அவருடைய அந்தரங்கம் அவருடையது. ஓடாத மூன்று மெஷினை, ஆள் முகம் விழாமல், நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும். இன்னொன்று: மருத்துவமனை வளாகத்துக்குள் கூட்டம் போட்டுக் கத்த வேண்டாம். தள்ளுமுள்ளில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் மருத்துவமனைகளின் பாதுகாப்புக்கான 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பாயும். அது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றி உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், பார்க்கின்சன் போன்றவை இருக்கின்றன. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே வகைகள்தாம் இருந்தன. பட்டியலில் புதிதாகச் சேர்க்க நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் அறிவிக்கையே போதும் என்று 99-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நீண்ட காலக் கோரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே கிடைப்பது ஒன்று உண்டு: டயாலிசிஸுக்காக ரயிலில் போகிற நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை. மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் 58 பேரில் ரயில் பாதையை ஒட்டிய ஊர்க்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

களைத்த உடம்போடு ஓர் அமைப்பு

மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று நொந்திருக்கிறீர்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை தலையைத் தூக்கவே முடியாதவர்களிடம் கூட்டத்துக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? உங்கள் கூட்டம் ஏற்கெனவே தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு ஏழு பேர், நான்கு மணி நேரம் அசையாமல் ஒரே அறையில். வெளியே பெஞ்சில் ஏழு வீட்டார். வேறெந்தச் சங்கத்துக்கும் கிடைக்காத வாய்ப்பு இது. ஷிப்டுக்கு ஒருவர் நோட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். பேசுவதை அங்கேயே பேசுங்கள்.

பொறுப்புகளில் பாதியை வெளியே பெஞ்சில் இருப்பவர்களிடம் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் உங்களைப் போன்ற ஒரு குழுவுக்கு நான் உதவினேன். செயலாளராக இருந்தவர் சளைக்காத மனிதர். இடது கையைச் சட்டைக்குள் பதுக்கிக்கொண்டு வலது கையால் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். வழக்குக்குத் தேதி வாங்கிய வாரத்தில் இறந்துவிட்டார். ஒப்புகைச் சீட்டுகள் அத்தனையும் அவர் வீட்டுப் பீரோவில் இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன் போய்ச் சாவி கேட்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. எடுத்து வர இரண்டு மாதம் ஆயிற்று. ஆகவே எல்லாத் தாள்களிலும் இரண்டு நகல், இரண்டு வீடுகளில். அதில் ஒன்று நோயாளியின் வீடாக இருக்க வேண்டாம்.

நோயாளிகள் சேர்ந்து எதைச் சாதித்திருக்கிறார்கள் என்று உங்கள் வார்டில் யாராவது கேட்டால், தொலைவில் தேட வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். தொற்றோடு வாழ்பவர்கள் தாங்களே நடத்தும் தேசிய அளவிலான கூட்டமைப்பு 1997-ல் தொடங்கியதும் சென்னையில்தான். அடுத்த ஆண்டு பெண்கள் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். பெயரை வெளியே சொன்னால் வாடகை வீடு போய்விடும் என்ற காலம் அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2022 ஜூலையில் மருந்து கையிருப்பு குறைந்து, மாதத்துக்குத் தர வேண்டிய மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தபோது, டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடினார்கள். அவர்களும் தினமும் மருந்து சாப்பிட வேண்டியவர்கள்தாம். யாரும் மருந்தை நிறுத்திப் போராடவில்லை.

உங்களுக்கும் ஒரு நாள் ஆர்ப்பாட்டம் தேவைப்படலாம். அப்போது காவல் நிலையத்தில் சில நாள் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெயில் ஏறும் முன், காலை எட்டு முதல் பத்து வரை. தாகம் எடுத்தால் நீங்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. முந்தின நாள் டயாலிசிஸ் முடித்தவர்கள் மட்டும் நாற்காலியில் உட்காரட்டும், வீட்டார் பின்னால் நிற்கட்டும். அட்டைகளில் 180, 126 என்ற இரண்டு எண்கள் மட்டும் இருந்தால்கூடப் போதும். நிருபர்கள் வந்து என்னவென்று கேட்பார்கள்.

மெஷின் சரியான பிறகு கேட்க வேண்டியவை இன்னும் பெரியவை. ஆந்திராவில் சிறுநீரக நோய் பரவலாக உள்ள உத்தானம் பகுதி மக்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கேட்டு, 2023 டிசம்பரில் பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. அந்த மாநிலத்தில் டயாலிசிஸ் நோயாளிக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறார்கள். இங்கே நாம் ஏன் கேட்கவில்லை? 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் தனியார் மருத்துவர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி ஆரோக்கிய உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுச் சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயரெடுத்த தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வருவதற்கு ஒரு மாதம் முன்னதாக உங்கள் எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்கள். பேரவையின் மனுக்கள் குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது அங்கேயும் கொடுங்கள். இதற்கெல்லாம் பக்கத்து மாவட்டங்களின் டயாலிசிஸ் வார்டுகள் உங்களோடு சேர வேண்டும். உங்கள் நோட்டு நிரம்பியதும் ஒரு நகலை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அதே ஆறு கட்டத்தில் அவர்களும் எழுதட்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் திங்கட்கிழமை. உங்களுக்கு டயாலிசிஸும் திங்கட்கிழமை மாலை. காலையில் மனுவோடு வரிசையில் நின்றுவிட்டு மாலையில் மெஷினுக்குப் போகலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், மூன்றரை நாள் சேர்ந்த நீரோடு அந்த வரிசையில் நிற்காதீர்கள். புதன், சனிக்காரர்களில் ஒருவரும், அந்தப் பத்துப் பேரில் மூத்தவரின் மனைவியும் மனுவை எடுத்துப் போகட்டும். மூன்றாவது கோரிக்கையாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: மாலை ஷிப்டு முடிகிறவர்களுக்காகக் கடைசி பஸ்ஸை எட்டு பத்திலிருந்து எட்டே முக்காலுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் போக்குவரத்துக் கழகத்துக்கு எந்த உதிரிபாகமும் தேவையில்லை. அந்த ஒன்று முதலில் கிடைத்தாலும் கிடைக்கும்.